சகலையின் வெறுந்திரை

அன்புள்ள சகலைக்கு,

நானும் உங்கள் மனைவியின் அக்காவும் நலம். எங்கள் கணினி மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கணினியைத் திறந்து காட்டினீர்கள். படம் இல்லை, ஐகான் இல்லை, மேலே மெல்லிய ஒரு பட்டை, அதில் மணி. "லினக்ஸ்ல சின்னதா ஒரு விண்டோ மேனேஜர் போட்டிருக்கேன், திறக்கிற ஜன்னலையெல்லாம் அதுவே அடுக்கிடும், மவுஸே வேண்டாம்" என்றீர்கள். நீங்கள் இரண்டு பொத்தானைத் தட்டியதும் ஜன்னல்கள் தாமாகவே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் போய் நின்றன. "எவ்வளவு நறுவிசா இருக்கு பாருங்க" என்றாள் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து என் பொருள் எதையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். ஒன்றுமே இல்லாத திரையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன், எங்களிடமும் லினக்ஸ்தானே, அதே மேனேஜரை இறக்கி நிறுவினேன், எல்லாவற்றுக்கும் தலைமைப் பொத்தான் எது என்று கேட்டது, உங்களைப்போலவே ஜன்னல் படம் போட்ட பொத்தானைச் சொன்னேன், மறுபடி உள்ளே நுழைந்தால் திரை கறுப்பாக இருக்கிறது, மேலே மணி மட்டும் ஓடுகிறது, கெட்டுப்போச்சு என்று லினக்ஸையே அழித்து, மேனேஜர்வரை முதலிலிருந்து போட்டேன், என் மனைவியின் பள்ளிக்கூட வேலையெல்லாம் பென் டிரைவில் இருந்ததால் தலை தப்பியது, மறுபடியும் அதே கறுப்பு, அப்புறம்தான் உறைத்தது, உங்கள் வீட்டிலும் அது இப்படித்தான் இருந்தது. சரியாக வந்ததைத்தான் அழித்திருக்கிறேன்.

சரி, ஒரு ஜன்னலாவது திறப்போம் என்றால், எங்கள் கீபோர்டில் அந்தத் தலைமைப் பொத்தான் எப்போதோ பெயர்ந்து விழுந்துவிட்டது. வெறும் குழிதான். விரலை விட்டு அமுக்கியதில் நகம் உடைந்தது. வினாத்தாள் அடிக்க வந்த என் மனைவி, "குழியில என்ன தேடறீங்க?" என்று கேட்டுவிட்டு, தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் குழியில் குத்தி, உங்கள் வீட்டில் பார்த்தபடியே மறு கையால் என்டரைத் தட்டினாள். ஜன்னல் திறந்தது, அதில் வினாத்தாளை எடுத்தாள். உடனே நான் பின்னை வாங்கிக் குத்தினேன். குத்தக் குத்தத் திறந்தது. புதிது வர வர மற்றவை ஒடுங்கி இடம் விட்டன, கடைசியில் வினாத்தாள் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. "தங்கச்சி வீட்டுக்காரர் செஞ்சப்ப இப்படி இல்லையே" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அந்த மேனேஜரை அடியோடு நீக்கிவிட்டேன். பழையபடி ஐகான்களும் அருவிப் படமும் வந்துவிட்டன. உங்கள் திரை உங்களோடு இருக்கட்டும். எனக்கு உங்கள்மேல் துளிப் பொறாமையும் இல்லை.

தங்கள் இல்லத்தில் அனைவரும் நோய்நொடியின்றி, மின்வெட்டின்றி வாழ வாழ்த்தும்,
மூத்த சகலை

பின்குறிப்பு: நீக்கவில்லை. உங்கள் மனைவியின் அக்கா விடவில்லை. ஹேர்பின்னும் கையுமாக உட்கார்ந்து, பாடத்தை ஒரு பக்கமும் வினாத்தாளை மறுபக்கமும் நிறுத்தி வேலையை முடித்துவிட்டாள். "மிச்சத்த அவருக்கே ஃபோன் பண்ணிக் கேட்டுக்கறேன்" என்கிறாள். கூப்பிட்டால் எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலை எனக்கு மட்டும் அனுப்புங்கள். முதல் வரியில் உங்கள் பெயர் இருந்தால் எடுத்துவிட்டு அனுப்பவும்.