முன்னறை மட்டும்

சத்தியம். தண்ணீரைத் தொட்டுச் செய்கிற சத்தியம் அல்ல. தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மிச்சமிருக்கிற கடைவாய்ப் பல்லைத் தொட்டுச் செய்கிற சத்தியம். கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஒரு மனிதர் தன் வீட்டு வாசலில் பையோடு நின்று, தான் மாட்டிய அழைப்பு மணியைத் தானே அழுத்திவிட்டு, விருந்தாளி போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர் அவர். வருகிற புகாரிலெல்லாம் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே தலை நரைத்தவர். அதனால் ஆபீசில் அவர் பெயரே ‘ஆவன சார்’. வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று மனைவி வருஷக்கணக்காகச் சொன்னபோதும் அதே பதில்தான். கடைசியில் அந்தக் குழாயை வைத்தே சண்டை மூண்டது.

“இனிமே இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. நான் போறேன்” என்றாள் அவள்.

“நீ என்ன போறது? நான் போறேன்!” என்று பையைத் தூக்கிவிட்டார். வாழ்நாளில் அவர் உடனடி நடவடிக்கை எடுத்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முதலில் அண்ணன் வீடு. அங்கே அண்ணி, அவர் காதுபடவே அண்ணனிடம் கேட்டாள்: “தம்பி ஊருக்குப் போறாரா, இல்ல நாம எங்கயாவது போயிடலாமா?”

அதன் பிறகு நாள் வாடகை வீடுகள். கைபேசியில் படத்தைப் பார்த்துப் பிடிப்பது. ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. போய்ப் பார்த்தால் கடல் சுவரில் ஒட்டியிருந்தது, ஜன்னலும் சேர்த்து. இன்னொன்றில் கட்டிலின் மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க மனம் வராமல் ஈரத்தலையோடு திரிந்து சளி பிடித்தது. வாடகை வீட்டில் நன்மை என்னவென்றால், எங்கே போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று கேட்க ஆளில்லை. தீமையும் அதேதான்.

அப்படித் தேடும்போதுதான் திரையில் தன் வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்தார். ‘முன்னறை மட்டும். நல்ல வெளிச்சம். அமைதியான குடும்பச் சூழல்.’

அது அவருடைய அறை. வெளிநாட்டில் இருக்கும் மகனைக் கூப்பிட்டார். போன வருஷம்தான் வீட்டை அவன் பெயருக்கு எழுதி வைத்தார்கள். ‘என் பேர்ல இருந்தா என்னப்பா, எப்பவும் உங்க வீடுதான்’ என்று கண் கலங்கிய பிள்ளை.

“உங்கம்மா என் ரூமை வாடகைக்கு விட்டுட்டாடா!”

மகன் இழுத்தான். “பாத்தேன்ப்பா. நீங்களே புக் பண்ணிப் போயிடுங்களேன். பெரியப்பா பேர்ல போடுங்க.”

பிள்ளையின் சமயோசிதத்தை நினைத்துப் பூரித்துப் போனார். வாடகை கட்டியாவது வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போதும். அவள் வாயிலிருந்து ‘இங்கேயே இருங்க’ என்று ஒரு வார்த்தை வாங்கிவிடலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது மனைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். எதையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள். இப்போது இரண்டு கண்ணும் விரிந்தன.

“நீங்களா?”

“கெஸ்ட். முன்னறை.”

அவள் முகத்தில் என்னவோ வந்து மறைந்தது. முதலாளித் திமிர் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

“செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க” என்றாள். “ரூல்.”

உள்ளே வந்ததும் பழக்கத்தில் கால் நேரே சோபாவுக்குப் போனது.

“அங்க உக்காராதீங்க. வாடகைல ஹால் சேர்த்தி இல்ல.”

“நான் வாங்கின சோபாடி!”

“டி போட்டுப் பேசக் கூடாது. தங்குறவங்க மரியாதையா நடந்துக்கணும்னு போட்டிருக்கு.”

“சரிங்க மேடம். என் ரூமை வாடகைக்கு விட உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?”

“வெளிச்சமான ரூம்னு போட்டிருக்கே, பாத்தீங்களா? நீங்க இருந்தவரைக்கும் அந்த ஜன்னலைத் திறந்ததே இல்ல” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. முப்பது வருஷமாக அவர் அவளுக்குப் பதில் சொன்ன முறையும் அதுதான்.

குளியலறைக்குப் போனார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாடகை கொடுத்தவனுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும் போலிருக்கிறது. பத்து நிமிஷத்தில் தலை வெடித்தது. பின்னறைக் கதவைத் தட்டினார்.

“என்னங்க இது, குழாய் இப்படிச் சொட்டுது? மனுஷன் எப்படி இருக்கிறது?”

 உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: “அப்படியா? ரூம் புக் பண்ணின ஆப்ல எழுதிப் போடுங்க.”

எழுதிப் போட்டார். உடனே பதில் வந்தது: ‘ஆவன செய்யப்படும்.’

குத்திக்காட்டுகிறாள் என்று முகம் சிவந்தது. நல்லவேளையாக அது வைராக்கியமாக மாறியது. இன்றைக்கு இந்தக் குழாயைச் சரிசெய்து காட்டினால் அவள் மனம் இளகாதா? கடைக்கு ஓடி வாஷரும் ஸ்பேனரும் வாங்கி வந்தார்.

வாழ்நாளெல்லாம் புகாரைத் தொட்ட கை அன்றுதான் முதல்முறையாகக் குழாயைத் தொட்டது. ஒரு திருகு. குழாயின் தலை கையோடு வந்தது. தண்ணீர் நெஞ்சில் பீய்ச்சி அடித்தது.

“மெயின் வால்வு எங்கடி இருக்கு?”

“சமையல்கட்டுல! உள்ள போகாதீங்க, சமையல்கட்டு சேர்த்தி இல்ல!”

“வீடே மிதக்குது, சேர்த்தியாம் சேர்த்தி!”

வால்வை மூடுவதற்குள் தண்ணீர் ஹாலைத் தாண்டிவிட்டது. அவர் கட்டிலின் மேலிருந்த வெள்ளைத் துண்டுகளை அள்ளித் தரையில் போட்டார்.

“ஐயையோ, துண்டு!” என்று அவள் அலறினாள். “அதுக்கு யார் பதில் சொல்றது?”

“உன் துண்டு, நீ சொல்லு.”

 இருவரும் மண்டியிட்டுத் துடைத்தார்கள். துண்டுகள் கறுத்தன. வாளியில் இருந்த தண்ணீரில் வெளுக்கப் போட்டார், கூடவே தன் சிவப்புச் சட்டையையும் போட்டதால் ரோஜா நிறத்தில் வந்தன. சட்டென்று காயட்டும் என்று இஸ்திரி போட்டதில், ஒன்றின் நடுவே இஸ்திரிப்பெட்டியின் உருவம் அச்சாக விழுந்தது. அதை மறைக்க மடித்துப் பார்த்தார். அன்னம் வரவில்லை. வாத்துகூட வரவில்லை.

“இது என்ன, ஆமையா?” என்றாள்.

“விருந்தினர் கற்பனைக்கு விட்டாச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், சேர்த்தி இல்லாத ஹாலின் ஈரத்தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். சோபாவைப் பார்த்தாள், ஆனால் அவளும் அதில் உட்காரவில்லை.

மறுநாள் காலை அவரே வாளியில் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார். தேநீர்க் கோப்பையைக் கழுவினார். அவள் நீட்டிய ரொட்டித் துண்டை வாங்கிக்கொண்டு “நன்றி” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“நன்றின்னேன்.”

“கெஸ்டா வந்தா உங்களுக்கு இதெல்லாம் வருமா?” என்றாள். குரலில் கசப்பு இருந்தது. “இத்தனை வருஷம் இங்க ஒரு மனுஷி இருந்தா. அவளும் ஏதோ தங்கிட்டுப் போக வந்தவன்னுதான நெனச்சீங்க?”

 பழைய பதில் அவர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

“அந்தக் குழாயை நீ சொன்ன அன்னிக்கே பாத்திருக்கணும்” என்றார். “தப்புதான்.”

அவள் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். தெருவில் ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போனது. அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போகாதீங்க” என்றாள் மெல்ல. “இங்கேயே இருங்க.”

அவர் பையைக் கீழே வைத்தார். அதே நேரம் கதவைத் தட்டாமலேயே திறந்துகொண்டு, துடைப்பமும் புதுத் துண்டுகளுமாகத் துப்புரவு செய்யும் அம்மாள் உள்ளே வந்தாள். பெருமிதத்தோடு அவளிடம், “எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம்மா. நான் காலி பண்ணல. இனிமே இங்கதான்” என்றார் ஆவன சார்.

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதெப்படிங்க? வெளிநாட்டுலேர்ந்து ஓனர் தம்பி இப்பத்தான் போன் பண்ணாரு. முன்னறை கெஸ்டு, பின்னறை கெஸ்டு, ரெண்டு பேருக்கும் இன்னியோட முடியுதாம். நீங்களும் சாமானை எடுத்து வைங்கம்மா.”