யார் வேண்டுமானாலும் படிக்கலாம்

"ஏனுங்க, நாளைக்கு வர்ஷாவுக்குப் பீஸ் கட்டணும். அந்த டெபாசிட்டை எடுத்துரலாங்களா?"

சுஜாதா நான்காவது நாளாகக் கேட்டாள். கோபப்படாமல், தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். அதுதான் சிவகுருவுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. மகளின் படிப்புக்கு வைத்த டெபாசிட்டை உடைத்து, எழுபத்தெட்டாயிரத்துக்கு லினக்ஸ் போன் வாங்கியிருந்தான். வீட்டில் சொன்ன விலை ஒன்பதாயிரம்.

தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடுகிறவனுக்கு அந்தப் போன் எதற்கு? ஒருநாள் மூட்டு வலிக்கிறது என்று முனகினான். மறுநாளே பழைய போனில் மூட்டுவலித் தைல விளம்பரம் வந்தது. ஒட்டுக்கேட்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். லினக்ஸ் போனுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாமாம், அதனால்தான் நம்பலாமாம். மைக்கை அணைக்கத் தனிச் சுவிட்சே உண்டு.

வந்த போன் சுவிட்சைத் தொடாமலே ஊமையாக இருந்தது. வீடு இருக்கிற அரவேணு மேட்டில் டவர் பிடிக்கவில்லை. வங்கி ஆப் திறக்கவில்லை. பெருந்தன்மையாகப் பழைய போனையும் சிம்மையும் சுஜாதாவிடம் கொடுத்திருந்தான். கொடுத்த பிறகுதான் உறைத்தது, வங்கி மெசேஜ் எல்லாம் இனி அவள் கைக்குத்தான் போகும்.

அன்றே அரை நாள் லீவு போட்டு வங்கிக்கு ஓடி நம்பரை மாற்றினான். பஸ் ஸ்டாப் பேக்கரி பாலாமணியக்காவின் நம்பரைக் கொடுத்தான். அவளிடம் இருந்தது பட்டன் போன். இன்டர்நெட்டே இல்லாத போனை எந்தக் கம்பெனி ஒட்டுக்கேட்கும்? பேங்க் மெசேஜ் வந்தால் என்னிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். சுஜாதாவுக்குத் தெரியக்கூடாது என்று சொன்னால் சந்தேகம் வரும், அதனால் அதைச் சொல்லவில்லை.

பிறகு போனைத் திருப்பி அனுப்பினான். ரிப்பேருக்குப் போயிருப்பதாக வீட்டில் இன்னொரு பொய். பத்து நாளில் பணம் வரும் என்றது கம்பெனி. இன்று பதினான்காவது நாள். முகம் தெரியாத கம்பெனியை நம்பினோமே என்று அவனுக்கு அழுகையே வந்தது.

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனான். பணம் வரவில்லை என்றால் இன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வர்ஷாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

பாலாமணியக்கா பன் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சுங்களா?"

"நேத்தே பணம் வந்துருச்சாம் தம்பி, எழுபத்தெட்டாயிரம்."

சிவகுருவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ சொன்னான். இந்த உலகத்தில் நம்பிக்கையான போன் இது ஒன்றுதான் என்று அந்தப் பட்டன் போனைக் கும்பிட்டான்.

பாலாமணியக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கேது தம்பி இங்கிலீஷு, மொத மெசேஜுல இருந்தே உங்க சுஜாதாதான் பன்னு வாங்க வர்றப்ப படிச்சுச் சொல்லுது."