ஒன்பது அண்ணாச்சியும் என் ஸ்கோப்பும்

திருவனந்தபுரத்தில் யாராலும் மோசமாகச் சுட முடியாத இடம் ஒன்று இருந்தது என்றால், அது ஒன்பது அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நாங்கள் படுத்துச் சுடும் பாய்தான். தொண்ணூறுகளில் எங்கள் ரைபிள் கிளப்பில், முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் குண்டு எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்பவர் அவர். ஆரியசாலையில் மொத்த மிளகாய் வியாபாரம். வாழ்நாளில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல், இரண்டு பேர் தூக்க வேண்டிய பழைய தொலைநோக்கியோடு வந்துவிடுவார்.

"வலது, கொஞ்சம் கீழே. ஒன்பது," என்பார். முக்கால்வாசி நேரம் பத்துக்கு ஒன்பதுதான்; அவருக்கு அந்தப் பேர் வந்ததும் அதனால்தான். அதை எங்கள் திறமை என்றே நம்பினோம். சிக்கனத்துக்காக ஐந்து பேரும் ஒரே தாளில் சுடுவோம். கடைசியில் தாள் சல்லடையாகிவிடும். எந்த ஓட்டை யாருடையது என்று அந்தப் பத்மநாபசாமிக்கே தெரியாது. தொலைநோக்கியில் எங்களைக் கண் வைக்கவும் விடமாட்டார். "தொடாதீங்க தம்பி, போக்கஸ் போயிரும்."

மாநில அணிக்கான தேர்வு வந்தது. அங்கே அவரவர் குண்டு பட்ட இடத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி சின்னத் தொலைநோக்கி, அதாவது ஸ்பாட்டிங் ஸ்கோப், வேண்டும் என்று, கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்களிடம் சொல்லிவைத்தேன். பார்த்துப் பிடித்தால் வாங்கலாம் என்பது ஏற்பாடு. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

முதலாவது அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. "வெயில் ஏறினா கானல்ல குறி கிடந்து ஆடும். வேண்டாம்." நியாயம்தான். அடுத்ததைத் தூக்கிப் பார்த்தார். "இதென்ன ஆட்டுக்கல்லா?" மூன்றாவதில் கண் வைக்கும் இடம் நேராக இருந்தது. "படுத்துச் சுடுறவன் ஒவ்வொரு தடவையும் எழும்பணுமா? கழுத்து ஒடிஞ்சிரும்." நான்காவது சின்னது, லேசானது, கண் வைக்கும் இடமும் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. அரைமணி நேரம் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கலர் சரியில்ல, கேட்டீங்களா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அதையே வாங்கினேன். அடுத்த ஞாயிறு புதுத் தாளில் முதல் குண்டு என்னுடையது. "ஒன்பது," என்றார் அண்ணாச்சி. படுத்தபடியே என் ஸ்கோப்பில் பார்த்தேன். ஏழு. இன்னொன்று சுட்டேன். "ஒன்பது." எட்டு.

"இத்தனை வருஷமும் பொய்யா சொன்னீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். "இந்த நம்பரை நம்பித்தானே தேர்வுக்குப் பேர் கொடுத்தேன்."

அவர் முகம் சிறுத்துவிட்டது. "திசையை ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல தம்பி. கடையில எடை போட்டப்புறம் ஒரு பிடி கொசுறு போடுவோம்லா. அந்தப் பழக்கம் இங்கயும் வந்துட்டு."

"மிளகாய்க்கடை புத்தியை இங்க காட்டாதீங்க," என்றேன். யாரோ சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

தேர்வில் தோற்றேன். அதற்கு அவர் காரணமில்லை. அவர் சொன்ன திசைகளைக் கேட்டுத்தான் ஏழுவரைக்குமாவது வந்திருந்தேன். இது புரிந்த பிறகும் ஆரியசாலைக்குப் போக எனக்கு முகமில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொள்வேன். வீண் ரோஷம், வேறென்ன.

சில வருடங்கள் கழித்து, தம்பானூர் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, சொந்த ஊரான நாகர்கோவிலுக்கே போய்விட்டாராம். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"தேர்வு என்னாச்சு தம்பி?" என்று அவரே கேட்டார்.

"கிடைக்கல அண்ணாச்சி. கடைசிக்கு முந்தின ஆள் நான்."

நாகர்கோவில் பஸ் கிளம்பியது. படியில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "மோசமில்லையே. உங்களுக்குப் பின்னால இன்னும் ஒரு ஆள் இருந்தான்லா."

இந்த மனிதரைத்தான் நான் எல்லோர் முன்னாலும் பொய்யர் என்றேன்.