படித்ததற்கு ஒரு கையெழுத்து

என் கணவர் ரவூஃப் ஒரு நாள் காலையில், ஃபூல் என்கிற பயறு மசியல் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தபடியே, இனி இந்த வீட்டில் வாய்ப்பேச்சு செல்லாது என்று பிரகடனம் செய்தார். எல்லாம் மின்னஞ்சல்தான்.

"நான் சொன்னா காதுல விழலைங்கறே. எழுதிட்டா?"

காதில் விழாததற்குக் காரணம் உண்டு. கோடை வந்தால் கெய்ரோவை விட்டு ராஸ் எல்-பர் கடற்கரைக்குப் போவோம். அவருடைய அக்கா இனாயத்தும் தவறாமல் வருவாள். அவள் கடலைப் பார்ப்பாள். நான் அவளுக்காக முலூகியா கீரையை நறுக்குவேன். போன வருஷம் நான் கடல்நீரைத் தொட்டது மீன் கழுவத்தான். இந்த வருஷம் அக்கா வரக் கூடாது. அதனால் அக்கா பேச்சை எடுத்தாலே என் காது அடைத்துக்கொள்கிறது.

ரவூஃப் நகராட்சியில் தபால் வாங்கும் பிரிவுக்குத் தலைவர். அங்கே துண்டுத்தாள் கைமாறினாலும் வாங்கினவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மனைவியிடம் கையெழுத்து வாங்கவும் இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார். அலுவலகக் கணினியிலிருந்து அவர் அனுப்புவதை நான் வீட்டுக் கணினியில் திறந்தால், 'படித்தாயிற்று' என்று அவருக்கு ரசீது போய்விடுமாம்.

அன்று மதியமே வந்தது. "இனாயத் அக்கா நம்முடன் வருகிறாள். படித்துவிட்டு நீ மறுப்பு எழுதாவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்."

இந்த வழக்கம் எனக்குப் புதிதல்ல. என் நிக்காஹ்வில் நான் வாயைத் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் விளைவுதான் தினமும் காலையில் ஃபூல் சாப்பிடுகிறது.

ஆனால் கணினி, மனிதர்களைப் போல் அல்லாமல், மரியாதையாக என்னைக் கேட்டது: அனுப்பியவர் ரசீது கேட்கிறார், அனுப்பலாமா? நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பொய் சொல்லாதே என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடச் சொல்லவில்லை. 'இல்லை'யை அழுத்தினேன்.

மறுநாளும் அனுப்பினார். அதற்கு மறுநாளும். சாயங்காலம் முகம் தொங்க வந்து நின்றார்.

"கம்ப்யூட்டர் பக்கம் போனியா?"

"தொடைச்சேன்."

"மெயில் பாக்கலையா?"

"ரசீது வந்துச்சா?"

"வரலை."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க, பாஷா அவர்களே?"

துடைத்ததும் உண்மைதான்.

பாகில் ஊறிய ரவை இனிப்பு பஸ்பூஸாவில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து, உங்களிடம் யாராவது இப்படி ரசீது கேட்டால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேக்கவே வேண்டாம். 'எப்பவும் அனுப்பு'ன்னு வச்சிருக்கேன். தொறந்தா தானா போயிடும். தபாலை வாங்கிட்டுக் கையெழுத்துப் போடாதவன்லாம் ஒரு மனுஷனா?"

இன்னொரு துண்டு வைத்தேன்.

மறுநாள் நான் எழுதினேன். முதலில் குளியலறைக் குழாய் ஒழுகுவது. பிறகு மாடி வீட்டுக்காரி கம்பளம் உதறுவது. பிறகு அவருடைய சட்டைக் காலர்கள். கடைசி வரியில்: "இந்தக் கோடையில் நானும் என் தங்கை நாஸ்லியும் ராஸ் எல்-பர் போகிறோம். நீங்கள் கெய்ரோவில் இனாயத் அக்காவுடன் இருப்பீர்கள். மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் நான் சொன்ன எதையும் குழாயைத் தாண்டிக் கேட்டதில்லை. காபி ஆறுவதற்குள் ரசீது வந்துவிட்டது. மறுப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டி கட்டி வாசலில் வைத்தேன். நாஸ்லி கீழே காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். ரவூஃப் பதறிக்கொண்டு வந்தார். தனக்கு யாரும் எதுவும் சொல்லவேயில்லை என்றார். ரசீதை அச்செடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். தேதி, நேரம், அவர் பெயர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடுத்தவர் கையெழுத்து என்றால் ஆயிரம் சந்தேகம் கிளப்பியிருப்பார், இது அவருடையது.

ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"முலூகியாவை... எப்படி நறுக்கணும்?"

"மெயில்ல அனுப்பறேன். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படிங்க."