லீக்டன்ஸ்டைன் வெளிநடப்பு செய்தது

ஒரு நாட்டின் பிரதிநிதியாக இரண்டே மணி நேரம் இருந்து, அந்த நாட்டின் மானத்தைக் கப்பலேற்றியவன் நான். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. இருந்தும் ஏற்றினேன்.

தஞ்சாவூரில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை நடத்தினார்கள். மாணவர்களுக்கு ஆளுக்கொரு நாடு. சீட்டுக் குலுக்கியதில் என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு பிரேசில் வந்தது. என் சீட்டைப் பிரித்தால் லீக்டன்ஸ்டைன். (ஏதோ மாத்திரை பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன்.) வேறு நாடு கேட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். "நாட்டையெல்லாம் மாத்த முடியாதுப்பா, போய்ப் படி" என்றார் பேராசிரியர்.

படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. சிறந்த பிரதிநிதியாகத் தேர்வாகிற ஒருவரை டெல்லியில் நடக்கும் சபைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வாகும் முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா தஞ்சாவூருக்கே வந்து எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினார். அந்த வெயிலில் ஸ்வெட்டர் கேட்டதும் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கால் மணி நேரம் தேடி, தூசி தட்டி, மெரூன் கலரில் ஒன்றை எடுத்துவந்தார். அதைப் பார்க்க எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆக, டெல்லி போகாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்கிற நிலைமை.

நாட்டைப் பற்றி நிறையவே படித்தேன். மலைகளுக்கு நடுவே, நம் தாலுகாவைவிடச் சின்ன இடம். இளவரசர் ஆள்கிறார், நாடாளுமன்றத்தில் இருபத்தைந்து பேர். ராணுவத்தை எப்போதோ கலைத்துவிட்டார்கள். அந்த ராணுவம் கடைசியாகப் போருக்குப் போனபோது எண்பது பேர் போய், வழியில் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு எண்பத்தொரு பேராகத் திரும்பியதாக ஒரு கதை உண்டு. இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். போக்குவரத்து, ஆற்றுக்கரை, நாணயம் பற்றிய பக்கங்களை மட்டும் படிக்காமல் புரட்டித் தள்ளிவிட்டேன். சலிப்பாக இருந்தன.

சபையின் தலைப்பு 'எல்லை கடந்த நதிகள்'. கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். எங்கள் ஊர் கோடியக்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. சுத்தமான கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் எங்களையும் எட்டிப்பார்க்கும். அந்த வருஷம் பார்க்கவில்லை. கதிர் வரவேண்டிய நேரத்தில் அப்பாவின் மூன்று ஏக்கர் சம்பாவும் காய்ந்துகொண்டிருந்தது.

இன்னொரு விஷயம். கூட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: விவசாயிகள் குறைதீர் கூட்டம். அப்பா என்னைப் பலமுறை அழைத்துப்போயிருக்கிறார். காய்ந்த பயிரைத் தூக்கிக் காட்ட வேண்டும், குரலை உயர்த்த வேண்டும், அதிகாரி "மனுவக் குடுத்துட்டுப் போங்க, பரிசீலிக்கிறோம்" என்றதும் வெளிநடப்பு செய்ய வேண்டும். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே வரும். ஐ.நா. சபையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

சபையில் என் முறை வந்தது, எழுந்தேன். ரைன் நதி சுவிட்சர்லாந்திலிருந்து வந்துதான் எங்களைத் தொடுகிறது என்றேன். அதுவரை சரி. அடுத்த நிமிஷம் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை.

"மேல இருக்கறவங்க மதகை மூடிக்கிட்டா கடைமடையில இருக்கற நாங்க எங்க போறது? வந்து எங்க வயலைப் பாருங்க" என்று கத்திக்கொண்டே, பையில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த காய்ந்த நெற்பயிரை உருவித் தூக்கிக் காட்டினேன். ஐரோப்பிய மலைநாட்டில் சம்பா எப்படி விளைந்தது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

சுவிட்சர்லாந்து எழுந்தது. அவள் பெயர் கவிதா, ஆங்கில இலக்கிய மாணவி, ஊர் திருக்காட்டுப்பள்ளி. கல்லணைக்குப் பக்கம், தண்ணீர் முதலில் பாய்கிற ஊர். (விதியைப் பாருங்கள்.)

"தலைவர் அவர்களே, லீக்டன்ஸ்டைனுக்கு ரைன் ஆத்துல பிரச்சினை தண்ணி வராதது இல்லைங்க, வெள்ளம் வர்றதுதான். அதுக்குத்தான் அவங்க கரையே கட்டியிருக்காங்க. சார் அந்தப் பக்கத்தப் படிக்கல போலிருக்கு."

சபை சிரித்தது. நான் புறங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

தலைவராக இருந்த பேராசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க கோரிக்கைய எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறோம்" என்றார். அதே வாக்கியம். என் ரத்தத்தில் ஊறியிருந்த வெளிநடப்பு தானாகக் கிளம்பிவிட்டது.

"இந்தச் சபையைக் கண்டித்து லீக்டன்ஸ்டைன் வெளிநடப்பு செய்கிறது."

"எப்படிங்க போவீங்க?" என்றாள் கவிதா. "உங்க நாட்டுல ஏர்போர்ட் கிடையாது. ரயில் ஆஸ்திரியாக்காரங்க ஓட்டறது. ஆத்தத் தாண்டினா எங்க ஊரு. டிக்கெட் எடுக்கற காசுகூட எங்க ஃபிராங்க்தான்."

பயிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். பிரேசில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருவரும் வரவில்லை.

வராண்டாவில் உட்கார்ந்த பிறகுதான் பையும் சாப்பாட்டு டோக்கனும் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். டெல்லி வாய்ப்பு போனது போனதுதான். அதைவிட, கையில் இருந்த பயிர் நிஜம். அதை நான் ஒரு கேலிக்கூத்துக்குப் பயன்படுத்திவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் கவிதா என் பையையும் ஒரு டீயையும் எடுத்துவந்தாள். பயிரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நெசமாவே உங்க வயல்லேர்ந்து பறிச்சதா?"

"ஆமாங்க."

"எங்க ஊர்ல வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டுதான் இருக்கு. அங்க வரைக்கும் வரலைன்னு எனக்குத் தெரியாதுங்க." பையிலிருந்த செய்தித்தாளை எடுத்துப் பயிரைச் சுற்றித் தந்தாள். பிறகு, "டீ ஆறுது. குடிச்சிட்டு உள்ள வாங்க. நான் கூட வரேன்" என்றாள்.

சிறந்த பிரதிநிதி அவள்தான். டெல்லியில் குளிர் அதிகம் என்றார்கள். அவளிடம் ஸ்வெட்டர் இல்லை. நம்மிடம் இருந்தது. அம்மா எனக்காக வாங்கிய ஸ்வெட்டர் டெல்லி போய்வந்தது, நான் இல்லாமல்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "தண்ணி விடறேன்னாங்களா?" என்றார்.

"இல்லப்பா. எழுதிக் குடுங்கன்னாங்க."

"அப்ப எல்லா ஊர்லயும் கூட்டம் ஒரே மாதிரிதான் நடக்குது" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஐந்து வருஷம் கழித்துக் கும்பகோணத்தில் எங்கள் கல்யாணம் நடந்தபோது, பிரேசில் தலைமையில் நண்பர்கள் மண்டப வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கையில் பயிரோடு நான், மெரூன் ஸ்வெட்டரில் கவிதா. 'லீக்டன்ஸ்டைன் – சுவிட்சர்லாந்து நதிநீர் ஒப்பந்தம். வெளிநடப்பு செய்தவர் ஒருவர், திரும்பியவர்கள் இருவர்.' பெண்வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலையோ என்று பந்தி முடியும்வரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது தஞ்சாவூரில் இருக்கிறோம். மோட்டார் சுவிட்ச் சமையலறையில், கவிதாவின் கைக்கு எட்டுகிற இடத்தில். அப்பா ஃபோன் செய்தால் முதலில் என்னைக் கேட்க மாட்டார், "மேல்மடை நல்லாருக்கா?" என்று மருமகளைத்தான் விசாரிப்பார். முகமெல்லாம் சோப்போடு நான் நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுபோவது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். கத்துவேன். சமையலறையிலிருந்து நிதானமாகப் பதில் வரும்.

"எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறோம்."

வெளிநடப்பு செய்கிற நிலைமையிலா நான் இருக்கிறேன்?