பதினைந்தால் பெருக்கிய கறி

கணக்கு வாத்தியார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தலைமையாசிரியருக்கு வழியனுப்பு விருந்து என்று பேச்சு வந்ததுமே, "அறுபது பேருக்கும் என் வீட்டுல, என் கையால ஆட்டுக்கறி!" என்று பள்ளிக்கூடமே கேட்க அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணி நேரம் இளந்தீயில் அவர் வேகவைக்கும் கறி நிஜமாகவே அருமையாக இருக்கும். ஆனால் அது நாலு பேருக்கு.

"அறுபதை நாலால வகுத்தா பதினஞ்சு. எல்லாத்தையும் பதினஞ்சால பெருக்கிட்டா முடிஞ்சுது" என்றார்.

அவர் மனைவி தையல்காரி. கையிலிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குழந்தைச் சட்டையைப் பெருக்கிப் பெரியவங்களுக்குத் தைக்க முடியுமாங்க? பொத்தான் தட்டு மாதிரி வந்துடும்."

"இது கணக்கு. உனக்குப் புரியாது."

"தண்ணியுமா பதினஞ்சு மடங்கு? ஆவி போறது ஒரே அண்டா வாய் வழியாத்தானே?"

"எல்லாமே! நாளைக்கு நீ அடுப்புப் பக்கமே வராதே."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் விட்டுக்கொடுத்ததே கிடையாது. வாத்தியார் அதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

காலையில் வீட்டுக்குப் பின்னால் அண்டா ஏறியது. கறி, மசாலா, குடம் குடமாகத் தண்ணீர். எட்டிப் பார்த்தார். கறி நீச்சலடித்துக்கொண்டிருந்தது. அறுபது பேர் முன்னால் மானம் கப்பலேறப் போகிறது!

"மூடியைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் மனைவி. "கல்லைத் தூக்கி மேல வச்சுட்டு, போய் நாற்காலி எடுத்துட்டு வாங்க. தீயை நான் தூர நின்னு பாத்துக்கறேன்."

ஏழு மணிக்கு நாற்காலி எடுக்கப் போனவர் எட்டு மணிக்குத் திரும்பினார். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. விறகைத் தள்ளித் தள்ளிக் காவல் காத்தார். பத்து மணிக்குத் தெருவே மணந்தது. எதிர்வீட்டு ஜன்னலில்கூட வாசனை! என்ன அண்டா, என்ன வீச்சு! அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

பகல் ஒரு மணிக்கு, "பரிமாறுறது என் பொறுப்பு. நீங்க தலைமையாசிரியர் பக்கத்துல உட்காருங்க" என்றாள்.

கறி வாயில் போட்டதும் கரைந்தது. தலைமையாசிரியர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்.

"எப்படி சார் இவ்வளவு பேருக்கு, இந்த ருசி?"

"சுலபம் சார். பதினஞ்சால பெருக்கினேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கதவோரம் நின்ற மனைவியும் தட்டினாள்.

விருந்தாளிகள் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே தண்ணியை வடிச்சுட்டு, புது மசாலா போட்டேன். ஒரு கரண்டி தண்ணிதான் விட்டேன். சரியா வந்துச்சா?" அவள் பின்னால் இன்னும் ஐந்து பெண்கள், காலிச் சட்டிகளை எடுத்துப்போக.

வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. அவர் நாற்காலிக்குப் போன ஒரு மணி நேரத்தில் கறியை ஆறாகப் பிரித்து, ஆறு வீட்டு அடுப்பில் ஏற்றி, ஒரே ருசியில் இறக்கி, அவர் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறாள்! கோபமே வரவில்லை. தன் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு மூளை கிடையாது என்று பெருமையில் நெஞ்சு நிறைந்தது.

"கெட்டிக்காரிதான்! ஒத்துக்கறேன்" என்றார். "அப்போ நான் அஞ்சு மணி நேரம் தீ போட்டு வேகவச்சது?"

"சுடுதண்ணிங்க. கழுவ அறுபது தட்டு கெடக்கு, சட்டையைக் கழட்டிட்டு வாங்க."