நாற்பத்தொரு டெமோவும் ஒரு மணிக்கட்டும்

அன்பும் மரியாதையும், அவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் கொண்டு அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது:

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் இடது கை சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். வலது கையைப் பற்றி விசாரிக்கப் போவதில்லை. அதன் நிலவரம் உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு சிகிச்சை தருகிற பிசியோதெரபிஸ்ட் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இதே தொழிலைப் படித்தவள் என்பதை மறந்துவிட்டாய். பதினைந்து நாள் வரச் சொன்னதற்கு இரண்டு நாள் போயிருக்கிறாய். மூன்றாம் நாள் போன் செய்து, "வீட்லயே பண்ணிக்கிறேங்க" என்றாயாம். அவள் கொடுத்த ரப்பர் பந்து இப்போது உன் வீட்டுக்காரருடைய நாயிடம் இருப்பதும் தெரியும். அந்த நாயின் பிடி நன்றாகத் தேறியிருக்கும்.

நீ விழுந்த கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை. பதினைந்து வருஷமாக லிஃப்ட் மெக்கானிக், பன்னிரண்டு மாடி உயரத்தில் இருட்டுக் குழிக்குள் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் போடுகிறவன், குளியலறை பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான் என்றால் யார் நம்புவார்கள்? கேட்பவர்களிடம் வேலையில் அடிபட்டது என்று பூசி மெழுகி வைத்திருக்கிறேன். அதற்காவது நீ நன்றியாக இருந்திருக்கலாம். நீயோ போன வாரம் போனில், கம்பெனி டாக்டர் இருபத்தெட்டாம் தேதி கைப்பிடியைச் சோதிப்பார், முப்பது கிலோ அழுத்தினால் பழைய வேலை, இல்லையென்றால் ஆபீசில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கிற வேலை என்று செய்தி வாசிப்பவர் மாதிரி சொன்னாய். இப்போது எவ்வளவு வருது என்று கேட்டேன். "பதினாலு. மேசை வேலையும் வேலைதானே" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் நோயாளி ஒருவரின் தோளைத் தேவைக்கு மேல் திருப்பிவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நான்கு நாளாக என்னிடம் பேசுவதில்லை.

மேசை வேலை மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன்னால் அதில் இருக்க முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே லிஃப்ட் இருந்தால் கதவில் காதை வைத்துக் கேட்டு, "மூணாவது கயிறு தளர்ந்திருக்கு" என்று சொல்கிறவன் நீ. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு நாம் பதிலுக்குப் போனபோது சம்பந்தம் பேசுவதை விட்டுவிட்டு அவர்கள் லிஃப்டுக்குள் ஒரு மணி நேரம் இருந்தாய். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது, லிஃப்ட் இன்றைக்கும் ஓடுகிறது. அப்படிப்பட்ட உன்னைப் போனுக்கு முன்னால் உட்கார வைத்தால் ஆறே மாதத்தில் வாடிப்போவாய். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பாதியில் விடுகிற வியாதி உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்மா பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்து, ஒரு ஷூ டப்பாவை என் தலையில் போட்டார். உள்ளே நாற்பத்தொரு சிடி. மாடிவீட்டு போட்டோகிராபர் மாதாமாதம் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கி, எழுத்தை மட்டும் படித்துவிட்டு, "இந்தத் தட்டு எனக்கெதுக்கு" என்று நம்மிடம் கொடுப்பாரே, அவைதான். அத்தனையும் டெமோ. எல்லா ஆட்டத்திலும் முதல் கட்டம் மட்டும் இருக்கும், பிறகு திரை கறுத்து, முழு ஆட்டத்தையும் வாங்குங்கள் என்று எழுத்து வரும். நாம் எதையும் வாங்கியதில்லை. நாற்பத்தொரு ஆட்டத்துக்குத் தொடக்கம் தெரிந்த, ஒன்றுக்கும் முடிவு தெரியாத பிள்ளைகள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருந்திருப்போம்.

உனக்கு நினைவிருக்கிறதா? கார் பந்தயத்தில் ஒரே ஒரு பனிச்சாலை, இரண்டே சுற்று. கால்பந்தில் மூன்று நிமிஷம், கோல் விழப்போகிற நேரத்தில் திரை கறுக்கும். ஊர் கட்டுகிற ஆட்டத்தில் தண்ணீர்க் குழாய் போட்டு முடிப்பதற்குள் நேரம் தீரும், சேமிக்கவும் விடாது, மறுநாள் திரும்ப முதல் குழாயிலிருந்து. விமான ஆட்டத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நூறு தடவையாவது மேலே ஏற்றியிருப்போம், ஒரு தடவைகூடக் கீழே இறக்கியதில்லை. அந்தப் பயணிகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அப்பா கிடங்கில் இரவுக் காவல் முடித்துவந்து பகலெல்லாம் தூங்குவார் என்பதால் ஸ்பீக்கரைப் போடக்கூடாது, அதனால் எல்லாச் சத்தத்தையும் நீதான் வாயால் போடுவாய், அதுவும் கிசுகிசுப்பாக. எஞ்சின், கூட்டத்தின் ஆரவாரம், வாள் சண்டை, பனியில் டயர் வழுக்குவது எல்லாமே. இந்த வாரம் முதல்முறையாக ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டேன். பந்தயக் காரின் நிஜச் சத்தம் மிக்சி மாதிரி இருக்கிறது. உன்னுடையது எவ்வளவோ மேல்.

சிடிகளெல்லாம் கீறல் விழுந்து ஓடவில்லை என்றதும் அம்மா பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தொன்றையும் தேய்த்துக் கழுவி, கிளிப் மாட்டித் துணிக்கொடியில் காயப்போட, எதிர்வீட்டுக்காரர் தன் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறது என்று சண்டைக்கு வர, அடுத்த வீட்டு அம்மா புறாவை விரட்டத்தானே, எனக்கும் நாலு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப்போக, கடைசியில் பதினொன்று பிழைத்தன. அவற்றை அம்மாதான் ஆடுகிறார். பந்தயத்தில் எல்லாக் கார்களும் போகும்வரை ஓரமாக நிற்கிறார். ஏன் என்று கேட்டால், "அவங்க அவசரமா போறாங்க, போகட்டுமே. நமக்கென்ன வேலை" என்கிறார். போர் ஆட்டத்தில் வீடு கட்டி, வயல் போட்டு, நாற்பது சிப்பாய்களை உட்கார வைத்திருக்கிறார். எதிரி வந்துவிட்டான், அனுப்பு அனுப்பு என்று நான் கத்தினால், "இப்பத்தான் உக்காந்தாங்க, அதுக்குள்ள எதுக்கு எழுப்பற" என்று பதில். கோட்டை தினமும் விழுகிறது, அம்மா தினமும் சிரித்த முகமாகவே எழுந்து போகிறார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மழைக்கோட்டு ஆசாமி ஆட்டம். துப்பறிகிறவன், பழைய ஹோட்டல், காணாமல் போன ஏழு பேர், நீளமான நடை, அதன் முடிவில் பச்சைக் கதவு. கைப்பிடி திரும்ப ஆரம்பித்ததும் திரை கறுத்துவிடும். கதவுக்குப் பின்னால் என்ன என்று நான் உன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, உன் கண்ணாடிக்கார நண்பன் சோடாபுட்டி வீட்டில் முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டேன் என்றாய். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். எனக்கு எட்டு வயது, உனக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா எப்ப வருவாங்க என்று நான் ஆரம்பிப்பேன், நீ சிடியைப் போடுவாய். கதவுக்குப் பின்னால் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு, அந்த ஏழு பேரும் பெஞ்சில் பெட்டியோட உக்காந்திருக்காங்க, ரயில் லேட்டு என்றாய். அப்புறம் நாளுக்குக் கொஞ்சமாக வளர்த்தாய். இன்னைக்குப் பாலத்தைத் தாண்டிடுச்சு. இன்னைக்கு சிக்னல் விழல. இன்னைக்கு எஞ்சின் டிரைவருக்குப் பல் வலி. ஆறாவது வாரம் ஒருநாள், "ரயில் வந்துடுச்சு, போய் வாசல்ல பாரு" என்றாய். போய்ப் பார்த்தால், அப்பா ஆட்டோவிலிருந்து அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது, சோடாபுட்டி வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது, நம் வீட்டில் பார்க்கத்தான் அவன் வருவான் என்று. ஆறு வாரமும் நீ என் காதில் பூ சுற்றியிருக்கிறாய். அதை உன்னிடம் கேட்கவே இல்லை. கேட்டால் அந்த ஸ்டேஷன் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த முழு ஆட்டம் இணையத்தில் ஒரு காபி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கினேன். புது ஜாய்ஸ்டிக்கும் வாங்கினேன். நீ ஆரம்பித்ததை நீ முடிக்க மாட்டாய், நானாவது முடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கிளினிக் முடிந்துவந்து தினம் ஒரு மணி நேரம், ஒன்பது நாள், முடித்துவிட்டேன். பச்சைக் கதவைத் திறந்தேன். உள்ளே என்ன தெரியுமா? ஒரு சாமான் அறை. இரண்டு வாளி, ஒரு துடைப்பம், ஒரு கால் ஒடிந்த ஏணி. வாளிக்கு அடியில் சாவி. அதை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனால் ஹோட்டல் மேனேஜர்தான் குற்றவாளி என்று தெரிகிறது. ஏழு பேரும் சமையலறையில் கட்டிப்போடப்பட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ரயிலும் இல்லை, பாலமும் இல்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஒரு வேலையை எடுத்தால் முடிக்க வேண்டும், அதைத்தான் சொல்ல வருகிறேன். நான் முடித்தேன். நீயும் முடி. பதிமூன்று நாள் பாக்கி, பந்தை நாயிடமிருந்து திரும்ப வாங்கு, காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம், வெந்நீரில் கையை வைத்துவிட்டு ஆரம்பி.

இங்கே வர வேண்டாம். வந்தால் நான் திட்டுவேன், அம்மா உனக்குப் பரிந்துகொண்டு வருவார், சாக்குப்போக்கு சொல்லி நாள் ஓட்டுவாய். எனக்குத் தலைக்கு மேல் வேலை. உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. முப்பத்தைந்து வயது ஆள் நீ, நீயே பார்த்துக்கொள்.

அம்மா தன் ஆசிகளையும், நாற்பது சிப்பாய்களின் விசாரிப்பையும் தெரிவிக்கச் சொன்னார். வீட்டுக்காரருக்கு என் வணக்கம், நாய்க்கு என் பாராட்டு. உன் கை தேறி, மேசைப் பக்கமே போகாமல், கம்பியும் எண்ணெயுமாக நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத தங்கை

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டு, மனம் கேட்காமல் திரும்பப் பிரித்தேன். மேலே எழுதியதில் பச்சைக் கதவு வரைக்கும் உண்மை, அதற்கு மேல் எல்லாம் பொய். வாளி இல்லை, ஏணி இல்லை, மேனேஜரை நான் பார்க்கவே இல்லை. முதல் நாளே கதவுக்கு வந்துவிட்டேன். மிச்சம் எட்டு நாளும் அந்த ஆசாமி மழைக்கோட்டோடு அங்கேயே நிற்கிறான், நான் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கைப்பிடி துருப்பிடித்ததாம், வலது கட்டைவிரலால் பொத்தானை எட்டு விநாடி விடாமல் அழுத்தினால்தான் திரும்பும். மூன்று தடவை ஆறு விநாடி வரை அழுத்தி விரலை எடுத்துவிட்டேன். உள்ளே ஸ்டேஷன் இருக்காது என்று தெரியும், தெரிந்தும் தனியாகப் பார்க்க முடியவில்லை. தினமும் இருபது நோயாளிகளிடம் பாதியில் விடாதீர்கள் என்று சொல்கிறவளின் லட்சணம் இது. ஆகவே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வா. இருபத்தெட்டு வரை இங்கேயே இரு, கையை நான் பார்த்துக்கொள்கிறேன். கதவை நீதான் திறக்க வேண்டும். இடது கையால் திறந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.